ஐந்தில் ஒரு டயர்

1993 செப்டம்பர் 10, வெள்ளி

என் டயரைத் தூக்கிவிட்டார்கள். தூக்கியது வெளி ஆள் இல்லை, என் கூடப்பிறந்த அண்ணன் அபுபக்கர்.

காலையில் ஜரீனாவை ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டரம்மாவிடம் காட்டுவதற்காகக் காரை எடுத்தேன். ராஜபாளையத்தைத் தாண்டக்கூட இல்லை, ஸ்டியரிங் வலது பக்கமாகப் போகப் பார்க்கிறது. நான் இடது பக்கம் பிடிக்கிறேன், அது கேட்க மாட்டேன் என்கிறது. எதிரே தென்காசி பஸ் வருகிறது. பின் சீட்டில் மாசமாக இருக்கிற மகள். பல்லைக் கடித்துக்கொண்டு ஓரங்கட்டி இறங்கிப் பார்த்தால், முன்பக்கம் இடது சக்கரத்தில் என் ஸ்டெப்னி மாட்டியிருக்கிறது. டிக்கியைத் திறந்தால் அங்கே அண்ணனுடைய டயர் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறது.

மெதுவாகப் போய் மெதுவாக வந்தோம். வந்ததும் லீவில் இருந்த டிரைவர் பேச்சிமுத்துவைக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஞாயித்துக்கெழமை சேத்தூர் கல்யாணத்துக்குப் போனோம்லாம்மா, கல்லுல ஏறிக் கிழிஞ்சு போச்சு. பெரிய மொதலாளிதான் ஸ்டெப்னிய மாட்டச் சொன்னாவ." சரி, மாட்டினாய். திருப்பிக் கழற்றினாயா? "கழட்டச் சொல்லலியே."

சொல்லவில்லையாம். இவன் வாய்க்குள் இருக்கிற பல்லையும் யாராவது சொன்னால்தான் தேய்ப்பான் போல.

செப்டம்பர் 11, சனி

இதை எல்லாம் எழுதி வைக்க வேண்டும். இந்த வீட்டில் நாளைக்கு யாரும் எதையும் இல்லை என்று சாதிப்பார்கள்.

அத்தா மௌத்தாகி இரண்டு வருஷம். வீட்டை மூன்றாகத் தடுத்தாயிற்று. கடையும் நிலமும் முறைப்படி பிரித்தாயிற்று. கடைசியில் வாசலில் நின்றது அத்தாவின் அம்பாசடர். விற்கவும் மனசில்லை, விட்டுக்கொடுக்கவும் மனசில்லை. அண்ணன் ஒரு கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார், தம்பி சேக் முகைதீன் இன்னொரு கதவை. அத்தாவின் சிநேகிதர் அப்துல் ஹமீது மாமாதான் பஞ்சாயத்துக்கு வந்திருந்தார். காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "ஆம்பளப் புள்ளைக்கு ரெண்டு பங்கு, பொம்பளப் புள்ளைக்கு ஒண்ணு. டயரு ஸ்டெப்னியோட அஞ்சு. கணக்கு எம்புட்டு அழகா வருது பாத்தீயளா?" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு அதையே சட்டமாக்கிவிட்டார்கள். முன் சக்கரம் இரண்டும் அண்ணனுக்கு. பின் சக்கரம் இரண்டும் தம்பிக்கு. தேய்ந்தால் கிழிந்தால் அவரவர் டயரை அவரவர் மாற்ற வேண்டும். ஸ்டெப்னி எனக்கு. மார்க்கச் சட்டம் எனக்குக் கொடுத்தது பங்கு, இவர்கள் கொடுத்தது ஸ்டெப்னி.

ஓட்டுவதிலும் அப்படித்தான். சனி ஞாயிறு திங்கள் அண்ணனுக்கு, செவ்வாய் புதன் வியாழன் தம்பிக்கு, வெள்ளி எனக்கு. மூன்றில் பாதி ஒன்றரை ஆயிற்றே, அந்த அரை நாள் எங்கே என்று கேட்டேன். "ஏட்டி, நீ எங்கிட்டுப் போகப் போற?" என்று அண்ணன் சிரித்தார். வெள்ளிக்கிழமை பேச்சிமுத்துவுக்கு லீவு என்று அப்புறம்தான் தெரிந்தது. கார்தான் பங்காம், டிரைவர் பங்கில் வரமாட்டானாம்.

அந்தச் சிரிப்புக்காகத்தான் டிரைவிங் படித்தேன். நாற்பத்தைந்து வயதில், துப்பட்டியைப் போட்டுக்கொண்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் ஐயாதுரை டிரைவிங் ஸ்கூல் காரில். ரதவீதியில் ஆட்கள் கடையை விட்டு இறங்கி வந்து பார்த்தார்கள். பார்க்கட்டுமே. லைசென்ஸில் இருப்பது என் போட்டோ, அவர்கள் போட்டோ இல்லை.

செப்டம்பர் 13, திங்கள்

அண்ணனிடம் கேட்டேவிட்டேன்.

"என் டயரைக் கழட்டிக் குடுங்கண்ணே."

"ஒன் டயரு என்ன, டிக்கிக்குள்ள படுத்துத் தூங்கவா பொறந்துச்சு? ஓடத்தான டயரு."

"ஓடட்டும். ஆனா வண்டி இழுக்கு. நான் போட்டது புது ரேடியல். பக்கத்துல நிக்கது ஒங்க வழுக்க நைலான். ரெண்டும் ஒண்ணா ஓடுமா?"

"நாலு நாள் ஓட்டிட்டு எனக்கே பாடம் எடுக்க."

சௌதா மதினி ஜன்னலுக்குள்ளிருந்து குரல் கொடுத்தார். "நல்ல டயரு முன்னால இருந்தா நல்லதுதான நூரு? அதுக்கு ஏன் இந்தக் கொதி கொதிக்க?" தேனைத் தடவித் தடவிப் பேசுவார். அண்ணனுக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்தக் குரலைக் கேட்கிறேன், இன்னும் காது எரிகிறது.

அண்ணன் என்று மரியாதையாகத்தான் எழுதுகிறேன். கைக்கு அந்தப் பழக்கம். மனசுக்கு இல்லை.

செப்டம்பர் 17, வெள்ளி

ஜரீனாவை ஏற்றுவதற்கு முன்னால் நான் மட்டும் காரை எடுத்துக்கொண்டு, மூடிக் கிடக்கிற மில் பக்கத்து ரோட்டுக்குப் போனேன். ஆள் நடமாட்டம் இல்லாத ரோடு. வாயால் சொன்னால் ஒருவனும் நம்ப மாட்டான், எனக்காவது தெரிய வேண்டும்.

முப்பதில் போய் பிரேக் போட்டேன். கொஞ்சம் அசைந்தது, நின்றது. நாற்பதில் போட்டேன். வண்டியின் முகம் இடது பக்கமாக வெடுக்கென்று திரும்பியது. இதில் வேடிக்கை, போகும்போது வலது பக்கம் இழுக்கிற வண்டி பிரேக் போட்டால் இடது பக்கம் பாய்கிறது. என் டயர் ரோட்டைப் பிடிக்கிறது, அண்ணன் டயர் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு போகிறது. என் டயர் நல்ல டயர்தான். அதுதான் ஆபத்து. இரண்டும் வழுக்கையாக இருந்தால்கூட வண்டி நேராகப் போய் முட்டும்.

திரும்பி வரும்போது மலைச்சாமி பஞ்சர் கடையில் நிறுத்தினேன். பின்னால் இருக்கிற இரண்டும் ஒரே ஜோடி, நல்ல டயர். அதை முன்னால் போட்டுவிட்டு ஒட்டாத இரண்டையும் பின்னால் தள்ளினால், முழுக்கச் சரியாகாவிட்டாலும் ஸ்டியரிங் கைக்கு அடங்கும் இல்லையா?

"செய்யலாம்மா. மொதலாளிமாரு ரெண்டு பேருக்கும் சம்மதமா?"

"வண்டி இழுக்குது மலைச்சாமி."

"லாரிக்காரன்லாம் ஆறு சக்கரத்துக்கு ஆறு டயரு போட்டு ஓட்டுதான். ஒண்ணும் ஆகாதும்மா." சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, அண்ணன் கடை இருக்கிற பக்கம் பார்த்தான். பயந்தாங்கொள்ளி.

செப்டம்பர் 19, ஞாயிறு

தம்பியிடம் போனேன். "அக்கா, முன்னால போட்டா ஓரம் தின்னுரும். பொறவு எனக்கு யாரு மாத்தித் தருவா? அண்ணனா தருவாவ?" என்றான். பின் டயர் இரண்டிலும் வெள்ளை பெயிண்டில் "சே.மு." என்று எழுதி வைத்திருக்கிறான். மாட்டுக்குச் சூடு போட்ட மாதிரி. ஜரீனா இவன் தோளில் ஏறி வளர்ந்த பிள்ளை. அதைச் சொன்னேன். "ஜரீனாவுக்கு என்ன, நான் என்ன வேண்டாம்னா சொல்லுதேன்? டயரைத்தான வேண்டாங்கேன்."

அங்கிருந்து நேரே அப்துல் ஹமீது மாமா வீட்டுக்குப் போனேன். நீங்கள் பிரித்ததுதானே, நீங்களே வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அன்னைக்கு எல்லாரும் மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தீய. செத்த நேரம் சிரிக்கட்டுமேன்னு வெளையாட்டுக்குச் சொன்னேம்மா. அதப் போயி..."

விளையாட்டு. இரண்டு வருஷமாக ஒரு குடும்பம் ஒரு கிழவரின் விளையாட்டின் மேல் கார் ஓட்டிக்கொண்டிருக்கிறது. இப்போது வந்து சொல்லுங்கள் என்றால், "ரெண்டு பேரும் மொரடனுவ, எனக்கு நெஞ்சுவலி" என்கிறார்.

செப்டம்பர் 24, வெள்ளி

டாக்டரம்மா ஜரீனாவைப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இதற்கு முன் இரண்டு முறை கலைந்துபோனது அவருக்குத் தெரியும். இந்தத் தடவை கர்ப்பப்பை வாயில் தையல் போட்டு நிறுத்தி வைத்திருப்பவரே அவர்தான். "பஸ்ஸில கூட்டிட்டு வராதீங்க. வலின்னு ஒண்ணு ஆரம்பிச்சா உடனே இங்க கொண்டு வந்திருங்க. தையலைப் பிரிக்காம வலி முத்திச்சுன்னா ரெண்டு உயிருக்கும் கஷ்டம்" என்றார்.

மருமகன் ரியாத்தில் இருக்கிறார். சம்பந்தி வீடு கடையநல்லூரில். பிள்ளை என் பொறுப்பு. எனக்கு இருப்பது வெள்ளிக்கிழமையும் ஒரு டயரும்.

அக்டோபர் 1, வெள்ளி

முப்பதுக்கு மேல் போகவில்லை. சைக்கிள்காரன் என்னை முந்திக்கொண்டு போய்த் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். நாசமாய்ப் போக.

அக்டோபர் 8, வெள்ளி

செய்துவிட்டேன். ஜும்ஆவுக்கு எல்லாரும் பள்ளிவாசலுக்குப் போயிருந்த நேரம். ராஜபாளையத்தில் எவனும் தொட மாட்டான் என்பதால் ஸ்ரீவில்லிபுத்தூரில் முகம் தெரியாத ஒரு டயர் கடையில் நிறுத்தி, பின்னால் இருந்த ஜோடியை முன்னால் போட்டு, ஒட்டாத இரண்டையும் பின்னால் தள்ளினேன். திரும்பி வரும்போது வண்டி நேராக வந்தது. ஸ்டியரிங் கைக்குள் அடக்கமாக நின்றது. ஜரீனா சீட்டில் சாய்ந்து தூங்கிவிட்டாள். ஒரு மாதத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் கழுத்து வலி இல்லாமல் வீடு வந்து சேர்ந்தேன்.

அக்டோபர் 9, சனி

முன் சக்கரத்தில் "சே.மு." என்று இருந்தால் தெரியாமலா போகும்? காலையிலேயே வாசலில் சண்டை.

"என் எடத்துல தம்பி டயரு எப்படி வந்துச்சு?" என்று அண்ணன். "என் டயரை எவன் கழட்டுனான்?" என்று தம்பி. இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் பேசி எட்டு மாதம் ஆகிறது. இன்றைக்கு என்னைத் திட்டுவதற்காகப் பேசிக்கொண்டார்கள். பேச்சிமுத்து ஜாக்கியை வைத்துப் பழையபடி மாற்றிவிட்டான்.

நான் வாசலில் நின்று கத்தினேன். ரெண்டு பேரும் ஆம்பளையாடா, பிள்ளைத்தாச்சி உசுரு போனா ஒங்க டயரத்தான் சந்தூக்குல வச்சுத் தூக்குவீயளா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. ஜரீனா உள்ளே அழுதாள். ஆனால் கேட்டது சரிதான்.

அக்டோபர் 15, வெள்ளி

கடையில் பெயிண்ட் வாங்கினேன். மஞ்சள். இடது முன் டயரின் பக்கவாட்டில் "நூர்பானு" என்று முழுப்பெயரையும் எழுதினேன். சுருக்கெழுத்து இல்லை. நாளை முதல் மூன்று நாள் அண்ணன் என் பெயரை ஊர் முழுக்க உருட்டிக்கொண்டு போகட்டும்.

அக்டோபர் 18, திங்கள்

பேச்சிமுத்து மண்ணெண்ணெய் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைக்கச் சொல்லியிருக்கிறார்கள் போல. "நூர்" போய்விட்டது. "பானு" கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சௌதா மதினி மாடியிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றார். நான் அவரைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார்.

நவம்பர் 5, வெள்ளி

மழை பிடித்துக்கொண்டது. மலையைக் காணவில்லை, முழுக்க மேகம்.

மறுபடியும் மில் ரோட்டுக்குத் தனியாகப் போனேன். ஈர ரோட்டில் நாற்பது வேண்டாம், முப்பதிலேயே பிரேக்கை அழுத்தினால் பின்பக்கம் சுற்றுகிறது. ஒரு தடவை வேலி முள்ளில் போய் நின்றது.  பிறகு பிரேக்கை அழுத்தாமல் கியரைக் குறைத்துக் குறைத்து நிறுத்திப் பார்த்தேன். நின்றது. நேரம் ஆகிறது, ஆனால் நேராக நிற்கிறது.

அப்படியானால் ஈரத்தில் இருபத்தைந்து. முன்னால் போகிற வண்டிக்கும் எனக்கும் நடுவில் இரண்டு பஸ் நிற்கிற இடம் விட வேண்டும். பிரேக்கைத் தொடவே கூடாது, தொட்டால் பூவைத் தொடுவதுபோல். திருப்பத்தில் ஆக்ஸிலேட்டரைக் கூட்டவும் கூடாது, சட்டென்று விடவும் கூடாது. இதை எல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. என் அண்ணனின் கஞ்சத்தனம் சொல்லித் தந்தது.

அவருக்கும் இதைச் சொல்ல வேண்டுமே என்று சொன்னேன். மழையில் கவனம் என்று. "நான் முப்பது வருசமா வண்டி ஓட்டுதேன்" என்றார். முப்பது வருஷமாக ஜோடி டயரில் ஓட்டினார். அது வேறு, இது வேறு. சொன்னால் ஏறவா போகிறது.

நவம்பர் 14, ஞாயிறு

நேற்றுத் தீபாவளி. எதிர் வீட்டு நாச்சியார் முறுக்கும் அதிரசமும் கொண்டுவந்து தந்தாள். ஜரீனா இரண்டு தின்றாள். கால் வீங்கியிருக்கிறது. நான் ஒன்றும் தின்னவில்லை, எதைப் பார்த்தாலும் எரிச்சலாக வருகிறது.

நவம்பர் 26, வெள்ளி

டிசம்பர் பத்தாம் தேதி தையலைப் பிரிக்கலாம் என்றார் டாக்டரம்மா. அதுவும் வெள்ளிக்கிழமை. அல்லாஹ், அதுவரை இழுத்துப் பிடி.

பேச்சிமுத்து மாலை போட்டு மலைக்குக் கிளம்பிவிட்டான். அவசரத்துக்கு ஸ்டாண்டில் ஒரு டாக்ஸி சொல்லி வைக்கலாம் என்று போனால், ஸ்டாண்டே காலி. எல்லா வண்டியும் சபரிமலைக்குப் போயிருக்கிறது.

நவம்பர் 30, செவ்வாய்

நேற்று எழுத முடியவில்லை.  இன்றைக்கு எழுதிவிட வேண்டும்.

நேற்று மதியம் சோறு போட்டுக்கொண்டிருந்தபோது ஜரீனா இடுப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வலிதான். வெளியே மழை ஊற்றுகிறது. திங்கட்கிழமை, அண்ணன் நாள். ஓடிப்போய்ச் சாவி கேட்டேன். அண்ணன் சாப்பிட்ட கையைக் கழுவிக்கொண்டே வந்தார். சாவியைத் தரவில்லை. "இந்த மழையில நீ ஓட்டுதியா? பேசாமப் பின்னால ஏறு." மதினி வாசற்படி வரைக்கும் வந்தார். அவ்வளவுதான்.

நான் பின்னால் ஜரீனாவை மடியில் சாய்த்துக்கொண்டேன். அண்ணன் விரட்டினார். மெதுவா, மெதுவா என்றேன். "பிள்ள வலியில துடிக்கு, மெதுவாங்கியே, நீயெல்லாம் ஒரு தாயா?" என்றார். நான் எழும்பி எழும்பி முன்னால் பார்க்கிறேன். வைப்பர் ஒரு பக்கம்தான் ஓடுகிறது.

மம்சாபுரத்துக்குப் பிரிகிற விலக்கு கிட்டே கரும்பு ஏற்றிய மாட்டு வண்டி ஒன்று ரோட்டில் ஏறியது. அண்ணன் பிரேக்கை மிதித்தார். முழு பலத்தோடு. காரின் முகம் இடது பக்கம் பாய்ந்தது, அவர் வலது பக்கம் திருப்பினார், அதற்கப்புறம் வண்டி யார் பேச்சையும் கேட்கவில்லை. நான் ஜரீனாவின் வயிற்றின் மேல் கவிழ்ந்துகொண்டேன். எல்லாம் ஒரு சுற்றுச் சுற்றி நின்றபோது கார் வந்த வழியையே, ராஜபாளையத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. பின் சக்கரம் ஒன்று ரோட்டை விட்டு இறங்கி, வாய்க்கால் ஓரத்தில். எதிரே ஒரு லாரி ஹாரனை அடித்துக்கொண்டே எங்களை ஒட்டிப் போனது. நேரே வந்திருந்தால் மூன்று பேரும் இல்லை. ஜரீனா வயிற்றில் இருந்தது நாலாவது.

அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். கண் மட்டும் திறந்திருந்தது.

நான் இறங்கினேன். மழையில் சுற்றிப் போய் அவர் பக்கத்துக் கதவைத் திறந்தேன். "எறங்குங்க."

பார்த்தார்.

"எறங்குங்கண்ணே. பின்னால போயி எம் பிள்ளையப் புடிங்க."

இறங்கினார். என் வாழ்க்கையில் நான் சொல்லி அவர் செய்த முதல் காரியம். பின்னால் ஏறி ஜரீனாவின் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நான் வண்டியை மெல்ல ரோட்டுக்கு ஏற்றித் திருப்பினேன்.

அதற்குப் பிறகுதான் கொடுமை. அவள் கத்துகிறாள். நான் இருபத்தைந்தில் போகிறேன். காலில் இருக்கிற ஆக்ஸிலேட்டர் மிதி மிதி என்கிறது. பின்னால் பஸ்காரன் ஹாரன் அடித்து, முந்தும்போது ஜன்னல் வழியாகக் கையை நீட்டித் திட்டிவிட்டுப் போனான். முன்னால் ஒரு டிராக்டர். நான் இடம் விட்டுத்தான் போனேன். அம்மா, அம்மா என்று அவள் கத்தக் கத்த மெதுவாகப் போனேன். ஒரு தடவை அண்ணன், "நூரு, செத்த வெரசா..." என்று ஆரம்பித்தார். "பேசாதீங்க" என்றேன்.  ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார்வளாகத்துக் கோபுரம் மழைக்குள் தெரிந்தபோது டிராக்டர் திடீரென்று நின்றது. கியரைக் குறைத்தேன், இன்னும் குறைத்தேன், பிரேக்கைத் தொட்டும் தொடாமல். டிராக்டருக்கும் எனக்கும் நடுவில் ஒரு ஆள் குடை பிடித்து நடந்து போகிற இடம் இருந்தது. போனான் ஒருவன், நிதானமாக.

டாக்டரம்மா நேரே உள்ளே கொண்டுபோனார். தையலைப் பிரித்தார். சாயங்காலம் அஸர் பாங்கு சொல்கிற நேரத்துக்குப் பெண் குழந்தை. சின்னதாக இருக்கிறது, கோழிக்குஞ்சு மாதிரி. அழுகிறது. நன்றாக அழுகிறது. தாயும் நலம்.

டாக்டரம்மா என்ன சொன்னார் என்பதை எழுத வேண்டாம். சரியான நேரம் என்றார், அது போதும்.

டிசம்பர் 3, வெள்ளி

ஆஸ்பத்திரிக்குத் தம்பி வந்திருந்தான். குழந்தையைப் பார்த்துவிட்டு, "அண்ணன் பள்ளியில சொல்லிட்டு இருக்காவ. கொட்டுற மழையில கார பறக்க விட்டுல்லா கொண்டு போய்ச் சேத்தேன்னு. எல்லாரும் அவியளப் பெருமையாப் பேசுதாவ" என்றான்.

பறக்க விட்டாராம். எனக்கு உச்சந்தலை வரை ஏறியது. இப்போதே போய்ப் பள்ளி வாசலில் நின்று கேட்கிறேன் என்று எழுந்தேன். ஜரீனா கையைப் பிடித்துக்கொண்டாள். "விடும்மா. அன்னைக்குப் பின்னால என்னைப் புடிச்சுக்கிட்டு மாமா அழுதுக்கிட்டேதான் வந்தாக. சத்தம் வராம அழுதாக."

அழுதால் டயர் வந்துவிடுமா? அழுகை உள்ளே, பெருமை வெளியே. எங்கள் வீட்டு ஆம்பளைகளுக்கு இது நன்றாக வரும்.

டிசம்பர் 10, வெள்ளி

ஜரீனாவும் குழந்தையும் வீட்டுக்கு வந்தார்கள். நான்தான் ஓட்டினேன். டயர் அப்படியே இருக்கிறது. இருபத்தைந்து.

வாசலில் இறங்கும்போது அண்ணன் கடையிலிருந்து வந்து நின்றார். குழந்தையைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. ஊரில் எல்லாரும் எதிரே வந்து, நல்ல நேரத்தில் அண்ணன் இருந்தாரே என்கிறார்கள். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு வீட்டுக்குள் வந்து பாத்திரத்தை எறிகிறேன்.

டிசம்பர் 24, வெள்ளி

குழந்தை எடை கூடியிருக்கிறது. எனக்கு அண்ணன் மேல் கோபம் குறையவே இல்லை. குறைய வேண்டும் என்று என்ன கட்டாயம்?

1994 ஜனவரி 21, வெள்ளி

நாற்பது நாள் கழிந்த பிறகு குழந்தையை டாக்டரம்மாவிடம் காட்ட வேண்டியிருந்தது. ஜரீனா பின் சீட்டில் குழந்தையோடு ஏறிவிட்டாள். நான் வழக்கம்போலச் சக்கரத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஏறப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். முன்னால் வலது பக்கம் புது டயர். என்னுடையதைப் போலவே ரேடியல், அதே கம்பெனி, அதே பட்டன் வெட்டு. முடி முடியாக ரப்பர் கூடத் தேயாமல் நீட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு வார்த்தை என்னிடம் சொல்லவில்லை. பெயிண்டில் எழுத்தும் ஒன்றும் இல்லை. டிக்கியைத் திறந்து பார்த்தேன், வலது பக்கத்துப் பழசு அங்கே ஸ்டெப்னியாகக் கிடக்கிறது. கிழிந்ததைக் காணவில்லை.

முன் ஜோடியில் ஒன்று அவருடையது, ஒன்று என்னுடையது. அப்துல் ஹமீது மாமாவை வரச் சொல்லி இதை எந்தப் பங்கில் சேர்ப்பது என்று கேட்க வேண்டும்.

சாவியைப் போடும்போது சௌதா மதினி பையோடு வந்து நின்றார். புதுப் புடவை. எனக்கு உடனே சுருக்கென்றது. என்ன, வெள்ளிக்கிழமையிலும் பங்கு கேட்க வந்துவிட்டார்களா?

"ஸ்ரீவில்லிபுத்தூருக்குத்தான போற? எனக்குக் கண்ணு காட்டணும். நானும் வாரேன்."

"ஏன், நாளைக்கு ஒங்க நாளுதான. அண்ணன் கூட்டிட்டுப் போக மாட்டாவளா? பறக்க விடுவாவளே."

மதினி முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஜரீனா இருப்பதைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "அன்னைக்கு ராத்திரியே எங்கிட்டச் சொல்லிட்டாவ. வண்டி திரும்பி நின்னது, நீ எறக்கிவிட்டது, எல்லாம். வெளிய மூச்சு விடாதன்னாவ. நான் விடல. ஆனா அவிய ஓட்டுனா நான் ஏற மாட்டேன்னுட்டேன்."

நறுக்கென்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. ஒன்றரை மாதமாகச் சேர்த்து வைத்த வார்த்தைகள்.  அதற்குள் மதினி பின் கதவைத் திறந்து ஏறப் போனார்.

"அங்க எங்க போறீய?" என்றேன். "முன்னால வந்து உக்காருங்க. நான் என்ன டிரைவரா?"

வந்து உட்கார்ந்தார்.